கலைமகள் பார்த்த கீற்று

கலைமகள் அக்காவைக் கூட்டிக்கொண்டு துணிக்கடைக்குப் போய், நினைத்த புடவையை எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் எங்கள் தெருவில் யாரும் கிடையாது. கடைக்காரர் புடவையைப் பிரித்துப் போடுவார். அக்கா தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பாள். “முந்திக்குக் கீழ ஒரு இழ உட்ருக்குது பாரு” என்பாள். நமக்கு ஒன்றும் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து அவள் விரல் வைத்த இடத்தில் பார்த்தால் இருக்கும். பாண்டி நேரு வீதியில் பாதிக் கடைக்காரர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

இந்தக் கண்ணை அவளுக்கு மில் கொடுத்தது. அவளுடைய அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால், பத்தொன்பது வயதில் அந்த வேலை இவளுக்கு வந்தது. துணி செக்கிங்கில் போட்டார்கள். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜையின் மேல் நெய்த துணி ஓடிக்கொண்டே இருக்கும். குறை தென்படுகிற இடத்தைச் சாக்பீஸால் சுழிக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் அந்த மேஜையின் முன்னால் நின்றாள். மில் படிப்படியாக நின்று, கடைசியில் கேட்டையே பூட்டிவிட்டார்கள். கண் மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

மில் அவள் வீட்டுக்காரருக்கும் ஒன்றைக் கொடுத்து அனுப்பியது. சக்கரபாணி மாமா பஞ்சு பிரிக்கிற பகுதியில் வேலை பார்த்தவர். அத்தனை வருஷத் தூசும் நுரையீரலில் உட்கார்ந்துகொண்டது. ஐம்பத்தைந்து வயதில் கட்டிலிலிருந்து கொல்லைக்கு நடப்பதற்கே வழியில் ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று உறுமிக்கொண்டே இருக்கும். வாடகை மெஷின். குழந்தை குட்டி கிடையாது, கைகொடுக்கவும் ஆள் கிடையாது. அக்காவுக்கு வேலை இருந்தால் மெஷின் இருக்கும், மெஷின் இருந்தால் மாமா இருப்பார். அவர்கள் வீட்டு நிலவரம் அவ்வளவுதான்.

நான் பாக்கியலட்சுமி. முதலியார்பேட்டையில் அவளுக்கு அடுத்த தெரு. எங்கள் அப்பாவும் அதே மில். அக்காவை நெல்லித்தோப்பு ஆபீசில் சேர்த்துவிட்டது நான்தான். அந்தப் புண்ணியமும் என்னுடையதுதான், அதற்குப் பின்னால் வந்ததும் என்னுடையதுதான். இரண்டையும் சேர்த்தேதான் எழுதப் போகிறேன்.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. ஐந்து கம்ப்யூட்டர், ஐந்து பெண்கள். நான், அக்கா, மாலா, செல்வாம்பாள், பாரதி. எல்லாருமே மில் வீட்டுப் பெண்கள். எங்களுக்கு மேலே சூப்பர்வைசர் பிரேம்குமார். வயது முப்பதுகூட ஆகவில்லை, எதற்கெடுத்தாலும் டார்கெட் என்பான். வெளிநாட்டிலிருந்து படங்கள் வரும். அவற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பட்டனை அமுக்க வேண்டும். நாங்கள் அமுக்குவதை வைத்து எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுமாம். ஆறு மாதம் சாலையில் போகிற லாரியையும் சைக்கிளையும் குறித்தோம். அப்புறம் பூச்சி அரித்த இலைகள். அதற்கப்புறம்தான் கேலக்ஸி, அதாவது நட்சத்திரக் கூட்டங்களின் படம், வந்தது.

அந்த வேலையை அனுப்பிய ஆராய்ச்சியாளர் ஹேமலதா. காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் படித்து, வெளிநாட்டுக்குப் போய், அங்கே வானத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் மாடிக்கே வந்து ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். முதலில் அவர் காட்டியது தட்டுப் போன்ற கேலக்ஸிகள். கோடிக்கணக்கான நட்சத்திரங்கள், நடுவைச் சுற்றி, கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி எல்லாம் ஒரே பக்கமாகப் போகின்றன. நீலமாகச் சுருள் சுருளாக, பார்க்கவே அழகு. அடுத்துக் காட்டியது உருண்டை. முட்டை வடிவம், மங்கிய செம்மஞ்சள் நிறம், சுருளும் இல்லை, ஒன்றும் இல்லை. யாரோ விரலால் தேய்த்துவிட்ட மாதிரி இருந்தது. செல்வாம்பாள் அது சோகை பிடித்த மாதிரி இருக்கிறது என்றாள்.

அந்த உருண்டை எப்படி வந்தது என்பதுதான் ஹேமலதாவின் கேள்வி. இரண்டு தட்டுகள் ஒன்றை ஒன்று இழுத்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடுவது உண்டு என்றார். மோதினால் நட்சத்திரமெல்லாம் வெடிக்காதா என்று மாலா கேட்டாள். முட்டிக்கொள்ளவே செய்யாது என்றார். சூரியனைச் சின்னக் கோலிகுண்டு என்று வைத்துப் பாண்டியில் போட்டால், அடுத்த கோலி பெங்களூரில் கிடக்கும், அவ்வளவு இடைவெளி. ஆனால் ஒன்றின் இழுப்பு இன்னொன்றை விடாது. ஒரு தடவை ஊடுருவிப் போகும், திரும்பி வரும், மறுபடி போகும். நூறு கோடி வருஷம் ஆகலாம். அதற்குள் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்த நட்சத்திரங்களின் பாதையெல்லாம் கலைந்துவிடும். ஒன்று மேலே போகும், ஒன்று குறுக்கே போகும். தட்டு போய் உருண்டை ஆகிவிடும். நட்சத்திரங்கள் தப்பித்தாலும் நடுவில் இருக்கிற வாயு தப்பிக்காது. அது மோதி, நெருக்கி, கொஞ்ச காலம் புது நட்சத்திரங்களாகப் பிறந்து தள்ளும். அத்தோடு தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு அங்கே பிறப்பு கிடையாது, இருக்கிறவை வயதாகிச் சிவந்துகொண்டே போகும்.

“எல்லா உருண்டையும் இப்படித்தான் வந்துதாம்மா?” என்று கலைமகள் அக்கா கேட்டாள். அன்றைக்கு அவள் கேட்ட ஒரே கேள்வி அது.

அதுதான் தெரியவில்லை என்றார் ஹேமலதா. வந்திருக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால் அப்படி வருகிறது. சில சமயம் வாயு மிச்சமிருந்தால் மறுபடி தட்டாகவே ஆகிவிடுவதும் உண்டு. நூறு கோடி வருஷம் யாரும் உட்கார்ந்து பார்க்க முடியாது என்பதால் தடயம் தேட வேண்டும். ஒரு சின்ன கேலக்ஸி பெரிய உருண்டைக்குள் விழுந்திருந்தால் அதன் நட்சத்திரங்கள் ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் போய் வரும். ஊஞ்சல் திரும்புகிற இடத்தில் ஒரு நொடி நிற்கிறது அல்லவா, அதுபோல அவை திரும்புகிற இடத்தில் மெதுவாகி, கூட்டமாகச் சேரும். அது உருண்டையைச் சுற்றி மங்கலான வில்லாகத் தெரியும். காலம் போனால் அதுவும் கலைந்துவிடும். அந்தக் கீற்று எத்தனை உருண்டைகளில் இருக்கிறது என்று எண்ணினால், இந்தக் கதை எவ்வளவு தூரம் உண்மை என்று சொல்லலாம். ஒவ்வொரு படத்தையும் நீங்கள் ஐந்து பேரும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொல்லாத ஒன்றைப் பிரேம்குமார் மறுநாள் சொன்னான். எங்களுக்கும் ஹேமலதாவுக்கும் நடுவில் ஒரு கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனிக்கு ஒரு விதி. ஐந்து பேரில் பெரும்பாலானவர்கள் சொல்வதுதான் சரியான பதில். அதோடு ஒத்துப்போனால் மார்க். மூன்று வாரம் தொடர்ந்து மார்க் எழுபத்தைந்துக்குக் கீழே போனால் அந்த ஆள் வெளியே. லாரியையும் இலையையும் குறித்தபோதும் இதே விதிதான். அப்போது யாருக்கும் அது உறைக்கவில்லை. லாரியை லாரி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

கேலக்ஸியில் உறைத்தது. நாங்கள் நான்கு பேரும் உருண்டையைப் பார்த்ததும் கீற்று இல்லை என்று அமுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். அக்கா தலையைச் சாய்ப்பாள். கையால் திரைக்கு மேலே ஜன்னல் வெளிச்சத்தை மறைப்பாள். கீற்று இருக்கிறது என்று அமுக்குவாள். அவளிடம் போய், எங்கே என்று காட்டச் சொன்னால் விரல் வைத்துக் காட்டுவாள். சில சமயம் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கும் தெரிகிற மாதிரி இருக்கும், கண்ணைச் சிமிட்டினால் போய்விடும். மார்க் போடுகிற மெஷினுக்கு அதெல்லாம் தெரியுமா? நான்கு பேர் இல்லை, ஒருத்தி இருக்கு. ஒருத்தி தப்பு.

முதல் வாரம் அவள் மார்க் எழுபத்தொன்று. இரண்டாவது வாரம் அறுபத்தாறு. பிரேம்குமார் அவளைக் கூப்பிட்டு, கெட்டவனில்லை, பக்குவமாகத்தான் சொன்னான். அக்கா, தெரியுதோ தெரியலையோ, சந்தேகம்னா இல்லன்னு போடுங்க என்றான். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மறுபடி கீற்று வந்தது. மறுபடி இருக்கிறது என்றே அமுக்கினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ஏன்க்கா, இல்லன்னு அமுக்குனா வெரலு தேஞ்சிடுமா?” என்று கேட்டேன். “தெரியுதே பாக்கியம், என்னா பண்றது” என்றாள். மில்லில் சுழிக்காமல் விட்ட குறைக்கு அபராதம் உண்டு என்றும், கண்ணுக்குத் தெரிந்ததைத் தெரியவில்லை என்று போட அவள் கைக்கு வராது என்றும் பிறகு சொன்னாள். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை தொடங்கியது. அந்த வாரக் கடைசியில் அவள் வேலை போய்விடும், மாமாவின் தலைமாட்டு மெஷினும் போய்விடும்.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில், அவள் கை கழுவப் போயிருந்தபோது, நான் மற்ற மூன்று பேரிடமும் பேசினேன். எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே ஒன்றைச் சேர்த்து ஊட்டுவார்கள். மில்லில் ஸ்ட்ரைக் என்றால் எல்லாரும் வெளியே நிற்க வேண்டும், யாராவது ஒருத்தர் கேட்டுக்குள் போனால் அந்த வீட்டோடு பேச்சு கிடையாது, நல்லது கெட்டது கிடையாது. எல்லாரும் ஒரே பேச்சாக நின்றால் யாரையும் தனியாகப் பிடித்து வெளியே தள்ள முடியாது. இதைத்தான் நான் எடுத்துச் சொன்னேன். அக்கா இருக்கு என்றால் நாமும் இருக்கு என்போம், இல்லை என்றால் இல்லை என்போம். ஐந்து பேரும் ஒன்றையே சொன்னால் எந்த மெஷின் வந்து அவளைத் தப்பென்று சொல்லும்? மூன்று பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். பாரதிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த நிமிஷம் என்னைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. தனித்தனியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களே என்றாள். உன் கண் எங்கள் கண்ணைவிட நல்ல கண், நல்ல கண் சொல்வதை நாலு கண் சொன்னால் என்ன கெட்டுப்போகும் என்று அவள் வாயை அடைத்தேன். மாமாவை நினைத்துப் பார் என்றும் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

எல்லாத் திரையிலும் ஒரே வரிசையில்தான் படம் வரும். அக்கா பார்ப்பாள். வாய்க்குள்ளேயே “இருக்கு” என்பாள், இல்லையென்றால் “இல்ல” என்பாள். ஐந்து பட்டன்கள் ஒன்றாக அமுங்கும். அந்த வாரம் எங்கள் எல்லாருடைய மார்க்கும் தொண்ணூற்றேழுக்கு மேல். பிரேம்குமார் ஜிலேபி வாங்கி வந்தான். மேலே இருக்கிற கம்பெனி எங்கள் அறையைத்தான் உதாரணமாகக் காட்டுகிறது என்று பூரித்துப்போனான்.

ஐந்து மாதம் அப்படியே ஓடியது. நாங்கள் படத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டோம். மாலா ஒரு கையால் பட்டனை அமுக்கிக்கொண்டே மறு கையால் போனில் பேசுவாள். நானும் அப்படித்தான், உத்தமி வேஷம் போட மாட்டேன். பார்த்தது அக்கா ஒருத்திதான். ஐந்து பேருடைய கையும் அவள் கண்ணில் தொங்கியது. அவளுக்கு அது பாரமாகிவிட்டது என்று இப்போது புரிகிறது. ஒரு படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் தயங்குவாள். எனக்கு டார்கெட் போகிறதே என்று இருக்கும். சொல்லுக்கா என்று அவசரப்படுத்துவேன். அவள் ஏதோ ஒன்றைச் சொல்வாள். முன்பெல்லாம் அவள் சாக்பீஸ் கோடு போட்ட மாதிரி தீர்மானமாகச் சொல்வாள். அந்தத் தீர்மானம் போய்விட்டது. எதிர்த்துச் சொல்ல யாரும் இல்லாததால் தான் பார்ப்பது சரியா என்றே தெரியவில்லை என்று ஒரு நாள் வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள். நான் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

கார்த்திகை மாதம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், ஹேமலதா வீடியோ காலில் வந்தார். பிரேம்குமார் எங்கள் ஐந்து பேரையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தான். பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்து பாரதி தலையைக்கூடச் சரிசெய்துகொண்டாள். ஹேமலதாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஐந்து மாதமாக நீங்கள் ஐந்து பேரும் எந்தப் படத்திலும் மாறுபடவே இல்லை என்றார். அவ்வளவு மங்கலான படங்களில், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்கூட அப்படி ஒத்துப் பார்க்க முடியாது. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் அமுக்கினீர்களா என்று கேட்டார். நாங்கள் நாலு பேரும் ஒரே சமயத்தில் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அதுவே பதில்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். களைத்துப்போன குரலில் சொன்னார்:

“அஞ்சு பேரும் ஒரே மாதிரி சொன்னா, அதுல எத்தன பேரு பாத்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தர் வேற சொன்னாத்தான், அவங்க நெசமாவே பாத்தாங்கன்னு எனக்குத் தெரியும்.”

அந்த மாதங்களின் பதில்கள் முழுவதையும் தள்ளிவிட்டார்கள். உருண்டைகளில் எத்தனை மோதலால் வந்தவை என்று அவர் எழுத வைத்திருந்த கட்டுரையும் நின்றுபோயிற்று. எங்களைச் சேர்ந்து பேச வைத்தது அந்த மார்க் விதிதான் என்று செல்வாம்பாள் தைரியமாக எழுந்து சொன்னாள். அப்படி ஒரு விதி இருப்பதே ஹேமலதாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது? நடுவில் இருந்த கம்பெனி மாதக் கடைசியில் நெல்லித்தோப்பு அறையை மூடிவிட்டது. பிரேம்குமாருக்கும் சேர்த்துத்தான் வேலை போயிற்று.

பத்து நாள் கழித்து ஹேமலதா கலைமகள் அக்காவின் போனுக்குக் கூப்பிட்டார். நாங்கள் ஒன்றுசேர்வதற்கு முந்தைய வாரங்களின் பதில்கள் மட்டும் அவருக்கு மிஞ்சியிருந்தன. அவற்றில் அறுபத்து மூன்று படங்களில் அக்கா மட்டும் தனியாகக் கீற்று இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அந்த அறுபத்து மூன்றையும் இன்னும் பெரிய தொலைநோக்கியில், ரொம்ப நேரம் வெளிச்சத்தைச் சேர்த்து எடுத்த படங்களோடு வைத்துப் பார்த்தார்களாம். நாற்பத்தொன்றில் கீற்று நிஜமாகவே இருந்தது. சிலவற்றில் பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் சிதறியிருந்தது, மற்றவற்றைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவருடைய கம்ப்யூட்டருக்கே அந்த நாற்பத்தொன்றில் பாதிகூடத் தெரியவில்லை. எந்த அறுபத்து மூன்றுக்காக அவளுக்கு மார்க் போனதோ, மொத்த வேலையிலும் உருப்படியான பதில்கள் அவற்றில்தான் இருந்தன. நடுவில் கம்பெனி எதுவும் இல்லாமல், நேரடியாகத் தன்னிடம் வேலை பார்க்கிறீர்களா என்று அவர் கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஓர் ஆளுக்குத்தான் இடம் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் சொல்ல வேண்டும்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த நிமிஷமே சரி என்றிருப்பாள். இவள் மில்காரி. நாலு பேர் வெளியே நிற்கும்போது ஒருத்தி மட்டும் கேட்டுக்குள் போவதா? ஒவ்வொருத்தியாகத் தேடிப் போய்க் கேட்டாள். செல்வாம்பாள் போ என்றாள். மாலா போ என்றாள். பாரதி, போக்கா, மாமாவ பாரு என்றாள். கடைசியாக என் வீட்டுக்கு வந்தாள்.

நான் அப்போது எப்படி இருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்துப் பதினைந்து நாளாக வேலை இல்லை. போகிற இடத்திலெல்லாம் ஆள் வேண்டாம் என்கிறார்கள். வீட்டில் எதைப் பார்த்தாலும் எரிச்சல். இவளைக் காப்பாற்றப் போய்த்தான் நான் தெருவில் நிற்கிறேன் என்று ராவும் பகலும் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். அவள் வந்து, ஒருத்திக்குத்தான் இடமாம், நான் போவட்டுமா பாக்கியம் என்று கேட்டபோது எனக்குள் ஏதோ திகுதிகு என்று எரிந்தது.

“உனக்காவத்தான்க்கா நாங்க கண்ண மூடிக்கிட்டோம். இப்ப உன் கண்ணுக்கு மட்டும் வேலயா?” என்றேன். “நீ போவக்கூடாது. எங்கப்பா இருந்தா இதத்தான் சொல்லுவாரு.”

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். தலை அந்த இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. சரி என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம். அடுத்த நாள் போயிருக்கலாம், அதற்கடுத்த நாளும் போயிருக்கலாம். ஒரு மாதம் இருந்தது.

அவள் பெரிய மார்க்கெட்டில் செதில் சீவி மீன் ஆய்கிற வேலைக்குப் போனாள். காலையில் போனால் மத்தியானம் தாண்டித்தான் வருவாள். ஆக்சிஜன் மெஷினைக் கடைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார் என்று செல்வாம்பாள் சொன்னாள். ரொம்ப முடியாத நாட்களில் மட்டும் மாமாவை ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கொஞ்ச நேரம் காற்று வைத்துத் திருப்பிக் கூட்டிவருவாள். தை மாதம் பனி அதிகம். அந்த ஈரப் பனி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தை பிறந்து பன்னிரண்டாம் நாள், காலை பத்து மணிக்கு, அவள் மார்க்கெட்டில் இருந்தபோது மாமா இறந்துபோனார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தபோது கட்டிலில் உட்கார்ந்தபடியே, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்திருந்தாராம். தெருமுனையில் அவள் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்ததை நான் பார்த்தேன். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அதைக் கழுவிவிட்டு உள்ளே போகலாமா என்று யாரிடமோ கேட்டாள்.

நான் சாவுக்குப் போனேன். தண்ணீர் எடுத்தேன், வந்தவர்களுக்கு டீ கொடுத்தேன், கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு கொஞ்சம் லேசாகியிருப்பேன். அந்தக் கொடுப்பினையும் இல்லை.

கருமாதி முடிந்து எல்லாரும் போன பிறகு, பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தபோது எனக்குத் தாங்கவில்லை. மூணு பேரு போன்னு சொன்னாங்களேக்கா, நான் ஒருத்தி சொன்னதையா பெருசா எடுத்துக்கிட்ட என்று கேட்டேன். கேட்டதில் பாதி பழியைக் கழற்றிப் போடுவதற்குத்தான்.

அவள் துலக்குவதை நிறுத்தவில்லை.

“மூணு பேரும் ஒரே மாதிரி போன்னு சொன்னாங்க பாக்கியம். எனக்காவ ஒத்துப் பேசிக்கினு சொல்றாங்கன்னு நெனச்சேன். நீ ஒருத்திதான் வேற சொன்ன. உன்னுதுதான் நெசம்னு எடுத்துக்கிட்டேன்.”

அதற்குப் பிறகு மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்த்துக் கேட்டேன். அவர்கள் ஒத்துப் பேசிக்கொள்ளவில்லை. செல்வாம்பாள் தன் வீட்டில், மாலா தண்ணீர்க் குழாயடியில், பாரதி பஸ் ஸ்டாப்பில் வைத்து அவளிடம் சொன்னது. மூன்று பேரும் மனசாரத்தான் போ என்று சொல்லியிருக்கிறார்கள். நான்கு பேரில் நிஜத்தைச் சொல்லாதவள் நான் ஒருத்திதான். அப்பா, ஸ்ட்ரைக், கட்டுப்பாடு எல்லாம் வாய்க்கு வந்த சாக்கு. எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்கக் கூடாது என்பதைத் தவிர அன்றைக்கு என் மனசில் வேறெதுவும் இல்லை. இதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. ஹேமலதா வேறு ஆளை வைத்துக்கொண்டுவிட்டார். அக்கா இன்றைக்கும் காலையில் மீன் ஆயப் போயிருக்கிறாள்.